செலவு எழுதாத இடம்

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோயில் திண்ணையில் வைத்து என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். மார்கழி பஜனைக்கு ரொம்ப வருடமாக உழைத்தவர்களுக்கு இந்த வருடம் ஒரு மரியாதை செய்ய வேண்டும், அதற்குப் பட்டியல் வேண்டும். "நீதான கம்ப்யூட்டர்ல வேல பாக்குற, டைப் அடிச்சுக் கொண்டாந்துரு தம்பி" என்றார் கமிட்டித் தலைவர். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதற்கும் முப்பது வருடத்துக்கு முன்னால் பொங்கல் கிண்டியது யார் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் சென்னையில் இருந்துவிட்டு ரெண்டு வருடத்துக்கு முன்புதான் ஊர் திரும்பியிருக்கிறேன். திரும்பி வந்தவன் எதற்கும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் சந்தின் சட்டம்.

சந்து என்றால், மதுரை தெற்குவெளி வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு நாற்பது நாற்பத்தைந்து வீட்டுச் சந்து. முடிவில் பிள்ளையார் கோயில். மார்கழி முழுக்க விடிவதற்கு முன்னால் பஜனை, முடிந்ததும் பொங்கல். பிள்ளையார் கோயிலில் திருப்பாவையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது. திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. திருவெம்பாவை 20-தான், ஆனால் திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்தால் அதுவும் 30 ஆகி மாதக் கணக்கு சரியாகிவிடும். ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ரெண்டு மணி நேரம், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் அதைவிடக் கிட்டம். ரெண்டு பேரும் நம்ம பக்கத்து ஆட்கள் என்ற உரிமையில் பாடுகிறோம். சந்தில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய, அதனால் நடனகோபால நாயகி சுவாமிகள் கீர்த்தனை இல்லாமல் பஜனை முடியாது. 1843-ல் மதுரையில் பிறந்த அவர் 1914-ல் வைகுண்ட ஏகாதசி அன்று மறைந்தார், அவருடைய சமாதியான பிருந்தாவனம் காதக்கிணற்றில் இருக்கிறது. ஏகாதசி அன்று கோஷ்டியில் நன்றாகப் பாடுகிற பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். மிச்சமிருக்கிற நாங்கள் அன்றைக்குப் பாடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது.

மதுரைக் குளிர் என்றால் ஊட்டிக்காரன் சிரிப்பான்தான். தெர்மாமீட்டர் 20 டிகிரி பக்கம் இறங்கினாலே எங்கள் சந்தில் குரங்குக் குல்லா, மப்ளர், காதில் பஞ்சு என்று எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் நாலரை மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனுக்கு 20 டிகிரியும் குளிர்தான்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன்.

முதலில் சுலபமான வழியில் போனேன். கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒரு வாரத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். முன்னால் நின்று பாடுகிறவர், ஆர்மோனியக்காரர், பொருளாளர், பழைய பொருளாளர், கோயிலுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர், இப்படி. ஒன்பதில் ஒரே ஒரு பெண், அவரும் வருடா வருடம் முதல் நாள் உபயம் கொடுப்பவர். பட்டியலைப் பார்த்தபோது ஏதோ இடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில் பின்கட்டில் பார்த்த முகம் ஒன்றுகூட அதில் இல்லை.

அப்போதுதான் கோயில் தகரப்பெட்டியில் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கின்றன என்று குருக்கள் சொன்னார். நீளவாக்கு நோட்டு, மேலே 'உ' போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. கரையான் தின்றது போக முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான மார்கழிகள் மிச்சம் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் ஒருநாள் வெயிலில் காயவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நோட்டில் பேருக்குப் பஞ்சமே இல்லை. வரவில் அத்தனையும் பேர்தான்: இன்னார் வகை ஒருநாள் பொங்கல் உபயம், இன்னார் வகை பச்சரிசி ஒரு சிப்பம், இன்னார் வகை நெய். செலவிலும் பேர் உண்டு: பந்தல்காரருக்கு இவ்வளவு, அண்டாவுக்கு ஈயம் பூசியவருக்கு இவ்வளவு. ரெண்டு நாள் புரட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. காசு கொடுத்தவர் பேர் இருக்கிறது, காசு வாங்கினவர் பேர் இருக்கிறது. கொடுக்காமலும் வாங்காமலும் சும்மா செய்துவிட்டுப் போனவருக்கு இந்த நோட்டில் உட்கார ஒரு வரி கிடையாது. எழுதியவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, கணக்கு நோட்டு காசுக்குத்தானே.

நோட்டுகளை மூடி வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வருடச் செலவில் புதிதாக ஒரு வரி: "பேப்பர் கப்பு 30 நாளைக்கு." அதற்கு முந்தைய வருடத்தில் அந்த வரி இல்லை. அதற்கும் முந்தைய வருடத்தில் இல்லை. நோட்டு தொடங்கிய நாளிலிருந்தே பொங்கல் கொடுக்க எதுவும் வாங்கியதாகக் கணக்கில்லை. அப்படியென்றால் அத்தனை வருடம் அத்தனை பேரும் கையிலா வாங்கித் தின்றோம்?

இல்லை. தொன்னையில் வாங்கித் தின்றோம். எனக்கு உடனே அந்தத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

தொன்னை அப்பத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நடுவீட்டுத் திண்ணையில் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் காய்ந்த மந்தாரை இலைக் கட்டு, ஒரு சொம்புத் தண்ணீர், ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரே அளவாக ஒடித்த ஈர்க்குச்சி. காய்ந்த இலையை அப்படியே மடித்தால் நொறுங்கிவிடும். விரலைத் தண்ணீரில் தோய்த்துச் சுண்டி சுண்டித் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்கும். இலை கொஞ்சம் தோல் மாதிரி ஆனதும் எடுத்து, நாலு பக்கமும் கொசுவி, ஈர்க்கால் ஒரு குத்து, மறுபக்கம் ஒரு குத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முனையை நகத்தால் கிள்ளி எறியும். அந்த முனை இருந்தால் பிள்ளைகள் உதட்டில் குத்தும் என்று சொல்லும். ஒன்றுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. வாய் பாட்டுக்கு எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் ஆரம்பித்தால் மார்கழி முடியும் வரை அந்தத் திண்ணையில் வேறு வேலை நடக்காது. இலைக் கட்டு வாங்கிய காசு யாருடையது என்று அவர்கள் வீட்டில் விசாரித்தேன். "அப்பத்தா காசுதான், அதுக்கு ஓஏபி வருமில்ல" என்றான் பேரன். முதியோர் பென்ஷனில் இலை வாங்கித் தைத்திருக்கிறது. பேப்பர் கப் வரி எழுதப்பட்ட வருடம்தான் அது செத்துப்போன வருடம்.

அதிலிருந்து நான் நோட்டைப் படிக்கிற முறையே மாறிவிட்டது. எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதாமல் விட்டதைத் தேட ஆரம்பித்தேன். எங்கே ஒரு செலவு இருக்க வேண்டுமோ அங்கே இல்லையென்றால், அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்திருக்கிறார். பிறகு எந்த வருடம் அந்தச் செலவு புதிதாக முளைக்கிறதோ, அந்த வருடம் அந்த ஆள் செத்திருப்பார், இல்லை முடியாமல் படுத்திருப்பார், இல்லை மகன் வீட்டுக்கு அவனியாபுரமோ பெங்களூரோ போயிருப்பார்.

பூவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் மல்லிகை என்ன விலை விற்கும் என்று மதுரையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பனியில் மொட்டு சிறுத்து வரத்தே குறைந்துவிடும், மாட்டுத்தாவணியில் கிலோ 2,000, 3,000 என்று ஏறும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி, மார்கழியில் அந்தப் பெருமையையும் சேர்த்தே விலை சொல்லும். எங்கள் நோட்டிலோ பூவுக்கு என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு பைசா இல்லை. சந்து முனையில் கூடை வைத்திருந்த பூக்கார அக்கா, தினம் ஐந்து முழம். அதுவும் முதல் நாள் மிஞ்சிய பூ இல்லை, காலையில் வந்த பூவில் முதலில் அளந்து வைத்துவிட்டுத்தான் வியாபாரத்தையே ஆரம்பிக்கும். அக்காவை இப்போது கீழவாசல் பக்கம் மகள் வீட்டில் தேடிப் பிடித்தேன். அந்த நாளில் ஐந்து முழம் என்றால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டதற்கு, "சாமிக்கு அளக்கும்போது முழம் கொஞ்சம் சின்னதாத்தேன் இருக்கும், நீ ஒண்ணும் ரொம்ப ஃபீல் பண்ணாத" என்றது.

ரேடியோ செட் வாடகை. இதுவும் இல்லை, பல வருடம். செட்டுக்கார அண்ணன் வெளி ஆர்டர் எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்து, நாலு மணிக்குக் குழாயைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. வந்தது வந்தபடி இருக்க, எல்லா ஊரையும் போல நாங்களும் சில வருடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மார்கழியில், சந்துக்குள் பிரசவமாகி வந்திருந்த பெண் ஒருத்தி பிள்ளை தூங்கமாட்டேன் என்கிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். கமிட்டியிடம் இல்லை, அவரிடம். மறுநாள் வேப்பமரத்தில் குழாய் இல்லை. கமிட்டி குதித்தது. "சுப்ரபாதம் எழுப்புறதுக்குத்தான, எந்திரிச்ச பிள்ளைய எதுக்கு எழுப்பணும்" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் துடைத்து மூடிவிட்டார். அன்றிலிருந்து ஆறு மணிக்கு மேல், கோயிலுக்குள் மட்டும், ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர். என் பட்டியலில் அவர் பேருக்கு எதிரே "மைக் போட்டவர்" என்பதோடு "மைக்கை நிறுத்தியவர்" என்றும் எழுதினேன். ரெண்டாவதைக் கமிட்டி அடித்துவிட்டது, அது வேறு விஷயம்.

பொருளாளர் ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் எழுந்து "விலைவாசி ஏறிப்போச்சுய்யா, முன்ன மாதிரி இல்ல" என்பார். நோட்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் ராத்திரி கூட்டிப் பார்த்தேன். விலைவாசி ஏறியது உண்மைதான். ஆனால் செலவில் புதிதாக முளைத்த வரிகள்தான் ஆளை அடிக்கின்றன. கப்பு, பூ, கோலப்பொடி, மைக், பாத்திரம் விளக்கக் கூலி. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் ஆள். பொருளாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப ஆள் வெலதான் ஏறியிருக்குங்கிற" என்றார்.

பாத்திரத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

பத்துக் கிலோ பச்சரிசிக்கு நாலு கிலோ பாசிப்பருப்பு போட்டுக் கிண்டுகிற பித்தளை அண்டா எப்படி இருக்கும் என்று கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். பொங்கலில் நெய்யும் பருப்பும் சேர்ந்து அடியில் ஒரு பிடி பிடித்திருக்கும், அது கல்லு. சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மரக்கரண்டியால் நெம்பி, அப்புறம் உள்ளே ஈயப்பூச்சு போகாமல் தேங்காய் நாரால் பதமாகத் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம் கரி, அதற்குச் சாம்பலும் புளியும். உள்ளுக்கு ஒரு கை, வெளிக்கு ஒரு கை. அழுத்தித் தேய்த்தால் ஈயம் போய்விடும், ஈயம் போனால் பொங்கல் களிம்பேறிவிடும். மார்கழிக் காலையில் ஏழரை மணிக்கு, கோயில் பின்கட்டுக் குழாயடியில், மூன்று பெண்கள் இதைச் செய்தார்கள். நோட்டில் கூலி என்ற வரி முளைக்கிற வரைக்கும் குறைந்தது இருபது வருடம். ஒருவர் வாத்தியார் வீட்டு அத்தை. இன்னொருவர் கோடி வீட்டு மதினி, கொரோனாவில் போய்விட்டார். மூன்றாவது ஆள் எங்கள் அம்மா.

அம்மா என்பதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வயதில் எனக்கு ஏழரை மணிக்குப் பொங்கல் தின்றுவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவது தெரியும், அம்மா வீட்டில் இல்லாதது தெரியும், எங்கே என்று தெரியாது. கேட்டதும் இல்லை. சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு வேலையா? அண்டா கழுவுனதுக்கு யாராச்சும் மால போடுவாகளா?"

"ஒம் பேர எழுதிட்டேன்."

"அழிச்சிரு. பெத்த ஆத்தாளையே சேத்துக்கிட்டான்ம்பாக."

அழித்துவிட்டேன். பிறகு வாத்தியார் வீட்டு அத்தைக்கு விஷயம் போய், "அவ இல்லாம நான் மேடையேற மாட்டேன், ரெண்டு பேரும் ஒரே அண்டாவுல கைய விட்டவுக" என்று கமிட்டித் தலைவர் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வந்ததால் அம்மா பேர் திரும்ப ஏறியது. ஆண்கள் செய்தால் சேவை, பெண்கள் செய்தால் அது வீட்டு வேலையின் நீட்டிப்பு என்றுதான் எங்கள் கமிட்டி மட்டுமல்ல, அம்மாவே நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்குக் கூலி கொடுத்துக் கழுவுகிறோமே என்று எனக்கு வருத்தமொன்றும் இல்லை. அந்தக் காசில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் ஓடுகிறது, அம்மாவுக்கு மூட்டும் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்த இருபது வருடத்துக்கு ஒரு வரி வேண்டும்.

பின்கட்டுப் பெண்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நோட்டிலேயே வருடத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. மார்கழித் தேய்பிறை அஷ்டமி. அன்றைக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் எல்லா உயிருக்கும் படியளக்க வெளி வீதிகளில் சப்பரத்தில் வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். வழியெல்லாம் அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள், கீழே கிடப்பதைப் பொறுக்கி வந்து வீட்டு அரிசிப்பானையில் போட்டால் அந்த வருடம் சோத்துக்குக் குறைவிருக்காது. எங்கள் சந்துப் பெண்கள் ஒருத்தர் மிச்சமில்லாமல் விடியும் முன்னே வடம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பொங்கல் பொறுப்பு அன்றைக்கு மட்டும் ஆண்களிடம். ஒரு வருட நோட்டில், அஷ்டமி அன்று, பொருளாளர் கைப்பட எழுதியிருக்கிறார்: "பொங்கல் அடிப்பிடித்தது. இட்லி 120, கடையில்." இன்னொரு வருடம்: "உப்பு இருமுறை." ஒரு வருடம் ஒன்றுமே எழுதாமல் கோடு போட்டு விட்டிருக்கிறார், அது என்னவென்று விசாரித்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒருவர். இவருக்கு நோட்டில் வரி இல்லாதது மட்டுமல்ல, வரி இல்லையே என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவர் செய்கிற வேலைக்குச் செலவென்றே ஒன்று கிடையாது. விலைக்கு வாங்க முடிகிற சமாசாரமும் இல்லை.

அவர் எழுப்புகிறவர்.

மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், உறவெல்லாம் கிடையாது. மதுரை மில் சங்குக்கு எழுந்து பழகிய தலைமுறை. முதல் ஷிப்ட் போவதற்காக எழுந்த உடம்பு, ஷிப்ட் நின்ற பிறகும் மூன்றரைக்கு எழுந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு எழுந்து என்ன செய்வது? சந்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு வீட்டுச் சன்னல் கம்பியிலும் குடைக்காம்பால் ரெண்டு தட்டு. அடுத்த தட்டுக்கு முன்னால் உள்ளே லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் மூன்றாவது தட்டோடு பேரும் வரும், ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் மட்டும் கூப்பிடுகிற செல்லப் பேர், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. அதற்குப் பயந்தே முக்கால்வாசிப் பேர் ரெண்டாவது தட்டில் எழுந்துவிடுவோம். திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டும் தூங்குகிறவளை எழுப்புகிற பாட்டுதான். முப்பதில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டாள் இந்த வேலைக்கே ஒதுக்கியிருக்கிறாள் என்றால் பாருங்கள், எழுப்புவது அவ்வளவு லேசான வேலை இல்லை. செல்போனில் அலாரம் எல்லோரிடமும் இருக்கிறது. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். பெரியப்பாவை அணைக்க முடியாது.

கொரோனா வருடத்தில் பஜனை கிடையாது, அவரவர் வீட்டுக்குள்ளேயே பாடிக்கொள்ளுங்கள் என்று முடிவு. அந்த வருடமும் அவர் மூக்குக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாச் சன்னலிலும் தட்டியிருக்கிறார். அம்மா சொன்னார். எழுந்து என்ன செய்தீர்கள் என்றேன். "என்ன செய்யறது, வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு, எதுத்த வீட்டு வாசல்ல நின்னவள பாத்துச் சிரிச்சோம்."

அப்படியும் இப்படியுமாகப் பட்டியல் 31 பேர் ஆனது. அதில் ஏழு பேர் உயிரோடு இல்லை. கமிட்டியில் பெரிய ரகளை. "முப்பத்தோரு பொன்னாடைக்கு எங்க போறது?" என்றார் பொருளாளர். "செத்தவுகளுக்கு எப்பிடிப்பா பொன்னாடை போடுறது?" என்றார் தலைவர். பொன்னாடை பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. அதைப் போர்த்திக்கொள்ள முடியாது, துவட்டிக்கொள்ள முடியாது, விரித்துப் படுத்தால் குத்தும், அடுத்தவருக்குப் போர்த்துவதற்கு மட்டும்தான் உதவும். எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவுக்குப் போர்த்தியது நாலு இருக்கிறது, பாதி ஜரிகை உதிர்ந்துவிட்டது. நான் இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது ரேடியோ செட் அண்ணன்தான் உடைத்தார்: "துண்டா குடுங்கப்பா. குளிச்சா தொவட்டவாச்சும் ஆகும்."

அப்படித்தான் ஆண்களுக்குத் துண்டு, பெண்களுக்குச் சுங்குடிச் சேலை என்று முடிவானது. சுங்குடி யோசனை சௌராஷ்டிர வீட்டு அக்கா ஒருவருடையது. அவருடைய பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நகத்தால் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போட்டவர், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் முடிச்சுப் போடுகிற விரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன, கடையில் விற்பதில் நிறைய அச்சடித்ததுதான். துண்டு வாங்க நான் பழக்கதோஷத்தில் புதுமண்டபத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை மறந்துவிட்டேன். பதினெட்டு வருடம் ஊரில் இல்லாததன் வட்டியை இப்படி அப்பப்போ கட்ட வேண்டியிருக்கிறது.

விழா மார்கழி 27 அன்று சாயங்காலம், கூடாரவல்லி. காலையில் அக்காரவடிசல். 'மூட நெய் பெய்து முழங்கை வழிவார' என்று பாட்டே அளவு சொல்லிவிடுவதால் அன்று நெய்க்குப் பொருளாளரும் கை வைக்கமாட்டார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் ஒருவரைக் கமிட்டி பிடித்திருந்தது, எனக்கு அதில் சம்மதமில்லை, கேட்பார் இல்லை. அவர் எட்டே முக்காலுக்கு வந்தார், வந்து முப்பது நிமிஷம் பேசினார். தொண்டு என்பதைப் பற்றி நன்றாகவே பேசினார், யார் பேரும் தெரியாததால் பேர் சொல்லவில்லை.

பிறகு நான் பட்டியலை வாசித்தேன். பேருக்கு முன்னால் வேலையைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். "தொன்னை தைத்தவர்" என்றதும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பழைய ஆட்கள் எல்லோரும் பேரை நான் சொல்லும் முன்னே சொல்லிவிட்டார்கள். பேரன் வந்து சேலையை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பூக்கார அக்கா மேடையில் ஏறியதும் முதல் வேலையாகச் சாமி மாலையைத் தொட்டுப் பார்த்து, "இது நேத்துப் பூவு" என்று மைக்கில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டது. அம்மாவும் வாத்தியார் வீட்டு அத்தையும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், சேலைப் பெட்டியை வாங்கிய வேகத்தில் கலரைத்தான் பார்த்தார்கள், இறங்கும்போதே மாற்றிக்கொண்டும் விட்டார்கள்.

"மார்கழிக்கு நம்மை எழுப்புகிறவர்" என்று கூப்பிட்டேன். சிரிப்பும் கைதட்டலுமாக இருந்தது, ஆள் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் மருமகள் எழுந்து நின்று, "மாமா ஏழு மணிக்கே வந்து ஒக்காந்திருந்தாரு. எட்டு மணிக்குத் தூக்கம் வந்துருச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டாரு. அவரு எட்டு மணிக்கு மேல முழிக்க மாட்டாரு" என்றது.

துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் போய்க் கொடுக்கலாம் என்று நினைப்பு. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கிப் படுக்கும்போதே பன்னிரண்டு. கண் மூடியது தெரியாது, கம்பியில் தட்டு. மறுபடி தட்டு. மூன்றாவது தட்டுக்கு முன்னால் லைட்டைப் போட்டுவிட்டேன்.

"எந்திரிச்சுட்டியா? மணி நாலரை."

"பெரியப்பா, நில்லுங்க." துண்டைக் கம்பி வழியாக நீட்டினேன்.

"என்னது?"

"நேத்து ஒங்களுக்குக் குடுக்க வேண்டியது."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. இருட்டில் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ரெண்டு தரம் உருட்டினார்.

"இருவதாம் நம்பர் நூலு. தண்ணி நல்லா இழுக்கும்."

உதறி, காதைச் சேர்த்துத் தலைக்குக் கட்டிக்கொண்டார். அடுத்த வீட்டுச் சன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது.